எண்ணூர்க்காரி கதை

மொதக் கதைய போட்ட அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். இனிமே நான் கிரேன் டிரைவர் இல்ல, எழுத்தாளர். ஹார்பர்ல கிரேன் ஓட்டுறது சும்மா வயித்துக்கு.

ஆர்குட் வந்த புதுசு அது. ரஷீது பாயோட பிரவுசிங் சென்டர்ல, கீழ கொசு கால பிச்சுத் தின்ன, 'ராயபுரத்துக் கதைங்க'ன்னு ஒரு குரூப் ஆரம்பிச்சேன். கதைக்கா பஞ்சம்? கிரேன் மேல குந்திகினு பாத்தா ஊரே தெரியும். காசிமேட்டு ஏலத்துல ஒரு கூடை வஞ்சிரத்துக்கு குடுமிப்பிடி சண்ட போட்டுட்டு, அப்பறம் ஒரே ஆட்டோல வூட்டுக்குப் போற மாமியாரும் மருமகளும், அது ஒரு கதை. ஷேர் ஆட்டோல என் தோள்ல சாஞ்சு கொறட்ட வுட்டுட்டு, முழிச்சதும் என்னையே மொறச்ச ஆளு, அது ஒரு கதை. துபாய்லேர்ந்துகூட 'தலைவா, கலக்கிட்டே'ன்னு எழுதுவானுங்க. ரெண்டு நாளைக்கு எனக்குக் கால் தரையில பாவாது.

என் சம்சாரம் சில்வியாவுக்கு மட்டும் இது புடிக்கல.

"எவன் வூட்ல அடுப்பு எரியலன்னு ஊருக்கே சொல்றே. நம்ம வூட்ல கேஸ் தீந்துபூட்சே, தெரியுமா?"

"எழுத்தாளனுக்கு இதெல்லாம் சகஜம், சில்வி."

"அப்ப எழுத்தாளன் பச்சையா துன்னுட்டு படு."

எல்லார் வூட்லயும் கதை தேடுவேன், எங்க வூட்ல மட்டும் தேட மாட்டேன். எங்களுக்கு ஒரு பொண்ணு இருந்திச்சு. ஸ்கூலுக்குப் போற வயசுகூட ஆவல, மஞ்சக்காமாலை வந்து கொண்டுபூட்சு. காசிமேட்டு கல்லறையில கீது. இதுக்கு மேல கேக்காதீங்க, என்னால முடியாது.

அக்டோபர் கடைசியில கதை வத்திப்போச்சு. டீக்கடையில காது குடுத்தேன், பஸ்ல காது குடுத்தேன், ஒண்ணும் தேறல. வூட்ல மோட்டுவளைய பாத்துகினு கெடந்தப்ப, சில்வியா தண்ணி லாரியிலேர்ந்து குடத்தோட வந்தா.

"லைன்ல ஒரு பொம்பள, பாவம். எண்ணூர்க்காரியாம். அழுதுகினே நின்னா."

எழுந்து குந்தினேன். "இன்னாவாம்?"

"ஒரே புள்ள, செத்துப்பூட்சாம். ரெண்டாந்தேதி கல்லறைத் திருநா வருதில்ல? வருசா வருசம் இவ ஒண்டியா போயி, கல்லறைய கழுவி, சுண்ணாம்பு அடிச்சு, பூ வெச்சு நிக்கிறாளாம்."

"புருசன் இன்னா பண்றான்?"

"அன்னிக்குன்னு பாத்து படகு ஏறிடுவானாம். சாமியாரு ஒவ்வொரு கல்லறையா மந்திரிச்சுகினு வருவாரு, புள்ள பேரு இன்னான்னு கேப்பாரு. அந்தப் பேர வாயால சொல்ல பயந்துகினு ஓடுறான்."

"த்தூ! அவனெல்லாம் ஒரு ஆம்பளையா?"

"நல்லா கேளு. நான் கேட்டா மட்டும் ஒறைக்குதா?"

நெஞ்சுல என்னமோ சுருக்குன்னுச்சு. நல்ல கதைன்னா அப்படித்தான் குத்தும்னு நெனச்சுகினு, சட்டைய மாட்டிகினு ரஷீது பாய் கடைக்கு ஓடினேன்.

எழுதினேன் பாருங்க! அந்தப் புருசனை வார்த்தையாலயே செருப்படி அடிச்சேன். கோழைன்னேன். கல்நெஞ்சக்காரன்னேன். பெத்தவள ஒண்டியா நிக்கவுட்டு ஓடுறவனை கடலே துப்பிடும்னேன். மறுநாளு பாத்தா ஒரே பாராட்டு. 'அவனை காசிமேட்டு ஐஸ்பொட்டியில வெச்சு மூடணும் தலைவா'ன்னு ஒருத்தன். நான் அதுக்குக் கீழ, 'ஐஸ் வேஸ்ட்டு'ன்னு போட்டேன்.

சிங்கப்பூர்லேர்ந்து ரஹீமுன்னிசான்னு ஒரு அம்மா கேட்டிருந்தாங்க: 'அழுதுட்டேன் அண்ணே. அந்தப் பாப்பா பேரு என்ன? தொழுவும்போது அதுக்காக துஆ கேக்கறேன்.'

அடடா, பேரு கேக்காம வுட்டுட்டமேன்னு, கதைய பிரிண்ட் எடுத்துகினு வூட்டுக்கு ஓடினேன். சில்வியா சங்கரா மீனுக்கு செதில் எடுத்துகினு இருந்தா.

"சில்வி, எண்ணூர்க்காரி புள்ள பேரு இன்னா?"

"மொதல்ல எழுதினத படி."

படிச்சேன். கோழை வந்த எடத்துல கொரல ஏத்தினேன். கல்நெஞ்சக்காரன் வந்த எடத்துல கைய நீட்டினேன். அவ தலைய தூக்காம கேட்டுகினு இருந்தா.

"நல்லாத்தான் திட்டிகீறே," ன்னா. "நானா இருந்தா இவ்ளோ திட்டியிருக்க மாட்டேன்."

"பேரு, சில்வி?"

"எண்ணூர்லேர்ந்து யாரும் வரலய்யா. அந்தாளு படகுலயும் ஏறல. கிரேன்ல ஏறிக்கிறான். வருசா வருசம் ரெண்டாந்தேதி ஓவர்டைம்."

கையில இருந்த பேப்பர மடிச்சு மடிச்சு சின்னதாக்கினேன்.

"பேரு நீ வெச்சது. நீயே சொல்லு."

வாயத் தொறந்தேன். தெருவுல போறவன் வர்றவன் பேரெல்லாம் எழுதின எனக்கு, எம்பொண்ணு பேரு தொண்டைக்கு மேல வரல.

"ஜெசி," ன்னேன்.

"முழுசா சொல்லுயா. சாமியாருக்குக் காது கேக்க வேணாமா?"

"ஜெசிந்தா."

அவ்ளோதான், ஓன்னு அழுதுட்டேன். இத்தனை வருசம் அழாததெல்லாம் சேந்து வந்துச்சு. அவளும் அழுதா. மீன் கையாலயே என் மூஞ்சிய தொடைச்சு வுட்டா. கன்னமெல்லாம் செதில்.

கொஞ்ச நேரம் கழிச்சு மூக்க உறிஞ்சிகினு கேட்டா: "ஊர்க்கதையெல்லாம் எழுதுறியே, ரெண்டாந்தேதிக்கு ஒரு லீவு லெட்டர் எழுத வருமா?"

பேனா எடுத்தேன். காரணம்னு போட்டேன். அதுக்கு மேல கை ஓடல.

ஜெசிந்தாவோட அம்மா சொல்லச் சொல்ல, எழுத்தாளர் எழுதினாரு.