கட்டியாவுக்கு ஒரு கால்

பக்கத்து வீட்டு நஸீரா மூன்றாவது தடவை வாசித்தபோதும் அந்தக் கடிதத்தில் இசக்கிசெல்வி பலகார வியாபாரியாகத்தான் இருந்தாள்.

"இன்னொருக்கா சொல்லு," என்றாள் இசக்கிசெல்வி.

"எத்தன தடவ சொன்னாலும் அதேதான் யக்கா. 'மனுதாரர் பதினஞ்சு வருஷமா சொந்தக் கையால காட்டியா செய்றார். காலையில அதிகம் செய்றார். குளிர்காலத்துல இன்னும் அதிகம். ஆகவே கை ஊனத்துக்கான சான்று மறுக்கப்படுது.' பஸ், அவ்வளவுதான். கீழ ஸ்டாம்ப்பு."

"காட்டியான்னா, இந்த சேட்டு கடையில கண்ணாடிப் பொட்டிக்குள்ள வச்சிருப்பானே, கடலைமாவுல விரல் தண்டிக்கு?"

"அதேதான்."

இசக்கிசெல்வி தன் விரல்களைப் பார்த்தாள். கணுவுக்குக் கணு வீங்கி, ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு, அவையும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தன.

மாட்டுங்காவில் ஒரு கட்டடத்துக்கு வாட்ச்மேனாக இருக்கும் அவள் கணவன் பிரம்மநாயகம் டூட்டி முடிந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். டம்ளரைக் கீழே வைத்தான்.

"ஏட்டி, எனக்குத் தெரியாம எப்ப யாவாரம் ஆரம்பிச்ச?"

"வாய மூடிட்டு இருங்க."

"இல்ல, கேக்கேன். வீட்டுல ஒரு காட்டியாவக் கண்ணுல காட்டலியே."

தப்பு எங்கே நடந்தது என்று இசக்கிசெல்விக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்தது அவமானமாகவும் இருந்தது. மூட்டுவாதத்துக்கு இந்தியில் கட்டியா என்று பெயர். அவள் கொக்கி தைத்துக்கொண்டிருந்த ரெடிமேட் பட்டறையில் ஒருத்தி சொல்லித் தந்த வார்த்தை. முதன்முதலில் வீட்டில் வந்து சொன்னபோது பிரம்மநாயகம் பதறிப்போய், "கட்டியா? எங்கட்டி கட்டி?" என்று கழுத்தைத் தடவிப் பார்த்தான். அன்றிலிருந்து அந்த வார்த்தையை அவள் நல்ல சேலையைப்போல எடுத்து வைத்திருந்தாள். ஆபீசுக்குப் போகும்போது உடுத்திக்கொள்ள.

ஆனால் தாராவித் தமிழர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இந்தியில் சந்தேகம் வந்தால் எழுத்தை நீட்டிவிடுவார்கள். குறைத்துச் சொல்லி அசிங்கப்படுவதைவிட நீட்டிச் சொல்வது மரியாதை என்று ஒரு நம்பிக்கை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கிளார்க் 'என்ன வேணும்' என்று உறுமியதும் இசக்கிசெல்வியும் நீட்டிவிட்டாள். "ஹாத் மே காட்டியா ஹை, சாப்," கையில் காட்டியா இருக்கிறது ஐயா என்று.

எத்தனை வருஷமாக என்று கேட்டார். பதினைந்து என்றாள். எப்போது அதிகம் என்றார். காலையில், குளிர்காலத்தில் சொல்லவே வேண்டாம் என்றாள். கிளார்க் தலையாட்டித் தலையாட்டித் தட்டிக்கொண்டார். எவ்வளவு அக்கறையாகக் கேட்கிறார் என்று அவளுக்கு மனம் இளகிவிட்டது. அடுத்த அறையில் இருந்த டாக்டர் அவள் கையைப் பார்க்கவில்லை, காகிதத்தைப் பார்த்தார். ஒரு மாதிரி சிரித்தார்.

கட்டியா என்றால் வாதம். அதற்கு ஒரு கால் போட்டால் காட்டியா, பலகாரம். கை வலிக்குப் போனவளை ஒரு கால் கெடுத்துவிட்டது.

அந்தச் சான்று கிடைத்தால் மாதாமாதம் உதவித்தொகை வரும். அதுகூடப் பெரிதில்லை. ரயிலில் ஊனமுற்றோர் பெட்டியில் ஏறலாம். அம்பர்நாத்தில் மகள் மாரீஸ்வரி பிரசவித்துப் படுத்திருந்தாள். பேத்தியின் முகத்தை இசக்கிசெல்வி போனில்தான் பார்த்திருந்தாள். ஒரே ஒரு தடவை துணிந்து சயானில் லேடீஸ் பெட்டியில் ஏறினாள். ஏறினாள் என்பது பொய், பின்னால் இருந்தவர்கள் ஏற்றினார்கள். கம்பியைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. கூட்டம் நகர்த்திய இடத்துக்கெல்லாம் நகர்ந்து, அம்பர்நாத்தில் இறங்க முடியாமல் பத்லாபூரில் போய் விழுந்தாள். அழுதுகொண்டே வந்த வழியே திரும்பிவிட்டாள். மாரீஸ்வரியிடம், "இன்னிக்கு மனசில்லட்டி, இன்னொரு நாளைக்கு வாறேன்," என்று சொல்லி வைத்தாள்.

"டென்ஷன் நக்கோ யக்கா, கவலப்படாதீங்க," என்றாள் நஸீரா. தோல் பை செய்யும் பட்டறை ஒன்றின் கணக்கையெல்லாம் அவள்தான் பார்த்தாள். அப்பீல் எழுதுவது அவளுக்கு ஒரு விஷயமில்லை. "நா எழுதுறேன் பாருங்க, ரெண்டே லைன்ல முடிச்சுடுறேன்."

எழுதினாள். 'எனக்குக் காட்டியா கிடையவே கிடையாது. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் எந்தக் காலத்திலும் காட்டியா இருந்ததில்லை. இது சத்தியம்.'

பதில் சீக்கிரமே வந்தது. அதில் ஒரே வரிதான்.

'மனுதாரர் தமக்கு அந்த நோய் கிடையவே கிடையாது என்று சத்தியம் செய்திருப்பதால் மேல்முறையீடு மறுக்கப்படுகிறது.'

இந்தத் தடவை அவர்கள் காட்டியாவை நோயாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். நஸீரா அன்று முழுவதும் தெருப்பக்கம் தலை காட்டவில்லை.

நேரிலேயே போய்ச் சொல்லிவிடுவது என்று இசக்கிசெல்வி கிளம்பினாள். கிளம்பும் முன் கண்ணாடியின் முன்னால் நின்று பார்த்தாள். நோயாளி மாதிரி இருக்கிறோமா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. பூவை எடுத்துவிட்டாள். பொட்டைச் சின்னதாக்கினாள். முகத்தைக் கொஞ்சம் சுளித்துப் பார்த்தாள், அது வலியைவிடக் கோபமாகத் தெரிந்தது. இத்தனை வருஷம் வலியை யாருக்கும் தெரியாமல் மறைத்து மறைத்தே முகம் பழகியிருந்தது. இப்போது காட்டு என்றால் அது எப்படிக் காட்டும்?

அந்த ஆபீசில் எல்லாவற்றுக்கும் ஒரே ஜன்னல்தான். ஊனச் சான்று, முதியோர் உதவி, கடை லைசென்ஸ், தண்ணீர்க் குழாய் என்று எல்லா ஜனமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. பெயர் கூப்பிடும் பியூன் சைஃப், நரைத்த தாடிக்காரர், கடையநல்லூர்ப் பக்கம். அவள் பெயரைச் சரியாக உச்சரித்த ஒரே ஆள்.

பெஞ்சில் அவள் பக்கத்தில் ஒரு குஜராத்தி அம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஹன்ஸாபென் என்று பெயர். தூண் மாதிரி இருந்தாள். காலடியில் இரண்டு பெரிய பைகள். வரிசை நகர நகர இரண்டையும் ஒரே கையால் தூக்கித் தூக்கி வைத்தாள். இசக்கிசெல்வி தண்ணீர் பாட்டில் மூடியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து, பேசாமல் அதை வாங்கி ஒரு திருகு திருகித் தந்தாள். மூடி டப்பென்று கழன்றது.

அப்போதுதான் இசக்கிசெல்வி பார்த்தாள். அந்த அம்மாளின் மடியிலிருந்த ஃபைலின் மேலேயே, பளபளவென்று, ஊனமுற்றோர் கார்டு. பெயர், போட்டோ, எழுத்துக்கூட்டிப் பார்த்தபோது 'இரு கைகளும்' என்ற வார்த்தை.

குடிக்காமலே பாட்டிலைப் பெஞ்சில் வைத்தாள். யாருக்கு எவ்வளவு தள்ளினாளோ! கார்டு கிடைத்த பிறகும் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாளே, பர்சன்டேஜ் கூட்டிக் கேட்கிறாளோ? ஆசைக்கும் ஒரு அளவில்லையா? ஹன்ஸாபென் அவளைப் பார்த்துச் சிரித்தாள். இசக்கிசெல்வி சிரிக்கவில்லை. ஒரு சிரிப்பைக் கூடத் தர மனம் வராத அளவுக்குத் தன்னை இந்த ஆபீஸ் ஆக்கிவிட்டதே என்று உடனே வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே பொறாமையும் பட்டாள். இரண்டுக்கும் உள்ளே இடம் இருந்தது.

ஜன்னலில் அதே கிளார்க்.

"உனக்குக் காட்டியா இருக்கா, இல்லையா?" என்று இந்தியில் கேட்டார். அந்த உறுமலில் அவள் நாக்கு மறுபடியும் நீண்டுவிட்டது.

"இருக்கு சாப். ஆனா அது இல்ல."

"எது இருக்கு?"

"காட்டியா."

"எது இல்ல?"

"காட்டியா."

கிளார்க் கண்ணை மூடித் திறந்தார். "அப்பீல் கமிட்டி. அடுத்த வாரம்," என்று சீட்டைக் கிழித்துத் தந்து, அவள் நகர்ந்ததும் யாரிடமோ தலைவலி மாத்திரை கேட்டார்.

பிரம்மநாயகம் அன்று ராத்திரி டூட்டியில் இருந்தே யோசித்து ஒரு வழி கண்டுபிடித்து வந்தான்.

"ஏட்டி, வாயால சொன்னாத்தான சிக்கலு? பொருளக் காட்டிருவோம். கடையில ஒரு பொட்டலம் காட்டியா வாங்கிட்டுப் போவோம். இது இல்லன்னு அதக் காட்டு. இதுதான்னு கையக் காட்டு. முடிஞ்சு போச்சு."

"நீங்க உள்ள வந்து ஒண்ணும் பேசக்கூடாது."

"நா எதுக்குப் பேசுதேன்?"

கமிட்டியில் ஒரு பெரிய அதிகாரி, அந்தக் கிளார்க், முன்பு பார்க்காத ஒரு லேடி டாக்டர் என்று மூன்று பேர் இருந்தார்கள். இசக்கிசெல்வி பொட்டலத்தை மேஜைமேல் வைத்தாள். நூல் முடிச்சை அவிழ்க்க விரல் வரவில்லை. அவள் தடுமாறுவதற்குள் அதிகாரியே ஆர்வமாக இழுத்துப் பிரித்துவிட்டார். வாசனை அறை முழுக்கப் பரவியது. ஒன்றை எடுத்து வாயில் போட்டார். கிளார்க் இரண்டு எடுத்துக்கொண்டார்.

"அட! வீட்டுல செஞ்சதா?"

இசக்கிசெல்வி வாயைத் திறப்பதற்குள் பிரம்மநாயகம் முந்திவிட்டான். இத்தனை தொந்தரவுக்கும் இவள் கைதான் காரணம் என்பதைத் தனக்குத் தெரிந்த இந்தியில் உருக்கமாகச் சொன்னான். "ஸப் இஸ்கா ஹாத், சாப். ஸப் இஸ்கா ஹாத்!"

எல்லாம் இவள் கைதான். அதிகாரியின் கண் கலங்கிவிட்டது.

"இப்படி ஒரு கையை வச்சுக்கிட்டு ஊனம்னு கேக்கலாமா தாயி?" என்றார். "உனக்குத் தேவை சான்று இல்ல. பெண்கள் சுயதொழில் திட்டம்னு ஒண்ணு இருக்கு. நானே சிபாரிசு எழுதுறேன். மெஷின் தருவாங்க. தினம் அம்பது கிலோ போடலாம்."

கிளார்க் வாய் நிறைய வைத்துக்கொண்டே புதுப் படிவம் ஒன்றை எடுத்தார். பிரம்மநாயகம் நல்ல செய்தி என்று நினைத்துக் கைகூப்பினான்.

இசக்கிசெல்விக்கு அம்பர்நாத் ஸ்டேஷன் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. ரயில் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. அவ்வளவுதான், அதுவரை பொத்தி வைத்திருந்த இந்தி முழுவதும் அவளை விட்டுப் போய்விட்டது.

"எய்யா, எம் பேத்தியத் தூக்க முடியலய்யா! சோத்தப் பிசைஞ்சு திங்க முடியல! மெஷின வச்சு நா என்ன செய்ய? வாதம்யா! மூட்டுவாதம்! வாதம், வாதம், வாதம்!" என்று தமிழில் கத்தி, இரண்டு கைகளையும் மேஜைமேல் போட்டாள்.

"வாதம்?" என்றார் அதிகாரி, மிரண்டுபோய்.

லேடி டாக்டர் நிமிர்ந்தார். அவர் மட்டும் காட்டியாவை எடுத்திருக்கவில்லை. "வாத்?" என்றார். எழுந்து மேஜையைச் சுற்றி வந்தார். "சந்திவாத்?"

மராட்டியில் மூட்டுவாதத்துக்கு அதுதான் பெயர். அதிகாரிக்கு, கிளார்க்குக்கு, ஏன், வாசலில் நின்ற சைஃபுக்குக்கூடத் தெரிந்த பெயர். "ஓ... சந்திவாத்!" என்று அறையே மூச்சு விட்டது.

இத்தனை நாள் 'நம்ம வார்த்தை இங்கே யாருக்குப் புரியும்' என்று இசக்கிசெல்வி வீட்டிலேயே விட்டுவிட்டு வந்த வார்த்தை அது.

டாக்டர் அவள் கையைத் தன் கையில் வாங்கினார். ஒவ்வொரு கணுவாக அழுத்திப் பார்த்தார். மூடச் சொன்னார். மூடவில்லை. இந்த ஆபீசில் முதல்முதலாக ஒருவர் அந்தக் கையைத் தொடுகிறார் என்பதை நினைத்ததும் இசக்கிசெல்விக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கிளார்க் தின்றுகொண்டிருந்ததை மெதுவாகக் கீழே வைத்தார்.

சான்றை சைஃப்தான் வெளியே கொண்டுவந்து கொடுத்தார். "முபாரக் யக்கா. நேரா சயான் போய் ஹேண்டிகேப் டப்பாவுல ஏறுங்க. யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

பிரம்மநாயகம் மகளுக்குப் போன் போட்டு, "ஏட்டி மாரீ, ஒங்கம்மைக்கு ஊனம் பாஸாயிட்டு!" என்று பெஞ்சு முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

ஹன்ஸாபென் அதே பெஞ்சில், அதே ஃபைலோடு உட்கார்ந்திருந்தாள். இசக்கிசெல்விக்கு இப்போது யார்மேலும் வருத்தமில்லை. போன வாரம் தராத சிரிப்பை இப்போது தந்தாள். மிச்சமிருந்த காட்டியாவையும் நீட்டினாள். ஹன்ஸாபென் ஒன்றை எடுத்தாள், ஒடித்தாள், மோந்து பார்த்தாள், நுனியை மட்டும் கடித்தாள்.

"சோடா கம்மி," என்று சொல்லிப் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஓசியில் தின்பதற்குக் குறை வேறு சொல்கிறாளே என்று இசக்கிசெல்விக்குச் சிரிப்பு வந்தது. சைஃபைப் பார்த்து மெல்லக் கேட்டாள்.

"இந்தம்மா கையில கார்டு இருக்க, இன்னும் எதுக்கு வந்து கெடக்கா? பர்சன்டேஜ் கூட்டவா?"

"நீங்க வேற யக்கா," என்றார் சைஃப். "அது காட்டியாக் கடைக்கு லைசென்ஸ் கேட்டு வந்த பொம்பள. கையால செஞ்சதுன்னு 'ஹாத் கா காட்டியா'ன்னு அது சொன்னதும், கை வாதம்னு நெனச்சு பாவம்னு அன்னைக்கே ஊனக் கார்டு போட்டுக் குடுத்துட்டாங்க. எனக்கு ஒரு சீக்கும் இல்லன்னு அன்னையிலேருந்து அப்பீலுக்கு நடக்குது!"