பாம்புச் சட்டையில் எழுதிய பாஸ்வேர்டு

ஒரு காட்டில் மேட்டு ஏரி ஒன்று இருந்தது. ஏரிக்கு ஒரு மதகு இருந்தது. இந்த அளவுக்கு எந்தக் காட்டிலும் இருக்கும். இந்தக் காட்டில் மதகுக்கு ஒரு சர்வரும் இருந்தது.

சிங்கராஜா பக்கத்துக் காட்டு மாநாட்டுக்குப் போய்விட்டு வந்த கையோடு செய்த ஏற்பாடு அது. பழைய மரப்பலகையைப் பிடுங்கிக் காயலான் கடைக்குப் போட்டாயிற்று. புதிதாக மாட்டிய இரும்புக் கதவு யானை முட்டினாலும் அசையாது. சர்வர் சொன்னால்தான் திறக்கும். திறந்தால்தான் கீழே குட்டைக்குத் தண்ணீர் வரும். தினமும் காலை ஆறு மணிக்குச் சர்வருக்குள் நுழைந்து "திற" என்று உத்தரவு கொடுப்பதற்கு ஓர் அட்மின் வேலையும் உண்டாயிற்று.

அந்தச் சர்வர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. மலைக்கு அந்தப்பக்கம் ஒரு குகையில் பெரிய கணினி ஒன்று இருக்கிறதாம். அதற்குள்ளே நூறு கணினி இருப்பதாகப் பாவனை பண்ணி, நூறு காடுகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்களாம். ஒரே வீட்டில் தட்டி வைத்துத் தடுத்து ஒண்டுக்குடித்தனம் விடுவதில்லையா, அப்படித்தான். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனித்தனிப் பூட்டு. நம் காட்டுக் குடித்தனத்தின் சாவி ஓர் உடும்பிடம் இருந்தது.

உடும்பு வேலைக்குப் புதிது. ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. ஆறாவது மாதம் முடிந்தால் நிரந்தரம். மேட்டுப் பாறையில் காற்றோட்டமான அலுவலகப் பொந்து அதற்கே சொந்தம். நிரந்தரம் ஆகாவிட்டால் பழையபடி கல்குவாரிப் பக்கம் போக வேண்டும். குவாரியில் வெடி வைக்கும் சத்தத்தில் அதன் அண்ணனுக்குக் காது போய்விட்டது. 

இந்த ஐந்து மாதமும் வேலை சுலபமாக ஓடியதற்குக் காரணம், அலுவலகப் பொந்திலிருந்த கணினியே பாஸ்வேர்டை ஞாபகம் வைத்திருந்ததுதான். அது ஞாபகம் வைத்திருந்ததால் உடும்பு ஞாபகம் வைக்கவில்லை. ஒருநாள் கணினி தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது. காலையில் எழுந்து, உடும்பை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பது போல, "பாஸ்வேர்டு?" என்று கேட்டது.

உடும்பு பதறவில்லை. முந்தைய அட்மின் ஒரு சாரைப்பாம்பு. ரகசியத்தைக் காகிதத்தில் எழுதினால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று தன் உடம்பின் மேலேயே எழுதி வைத்திருந்தது. வேறு காட்டில் பெரிய வேலை கிடைத்ததும் சட்டையை உரித்து உடும்பின் கையில் கொடுத்து, "பொறுப்பை ஒப்படைச்சாச்சு" என்று சொல்லிவிட்டு நழுவிப் போனது. உடும்பு பரணிலிருந்து சட்டையை எடுத்து உதறியது. பன்னிரண்டு எழுத்துகள் கோணல்மாணலாகத் தெரிந்தன. பாம்பின் கால் பாம்பறியும். பாம்பின் கையெழுத்தை யார் அறிவார்? கையே இல்லாத பிராணி இவ்வளவு எழுதியதே பெரிது என்று உடும்பு நினைத்துக்கொண்டு, பார்த்தபடியே அடித்தது.

'தவறான பாஸ்வேர்டு' என்றது சர்வர்.

மறுபடி அடித்தது. தவறு. மெதுவாக அடித்தது. தவறு. வேகமாக அடித்தது. கண்ணை மூடிக்கொண்டு குலதெய்வத்தை வேண்டி அடித்தது. தவறு, தவறு. உடும்பு எதையும் பிடித்தால் விடாத ஜாதி. படைவீரர்கள் ஏறுவதற்காக இடுப்பில் கயிறு கட்டிவிட, இதன் பாட்டன் முப்பாட்டன்கள் கோட்டைச் சுவரைப் பிடித்தால், பிடித்தது பிடித்ததுதானாம். அந்த ரத்தம் சும்மா இருக்குமா? ஏழு மணிக்குள் நாற்பத்தெட்டுத் தடவை அடித்துவிட்டது.

குட்டையில் சேறுதான் மிச்சம். மான்கள் வந்து நின்றன.

"அட்மின் சார், குட்டிங்க நாக்கு வறண்டு கிடக்குதுங்க. இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

"இதோ, இந்த ஒரு தடவைதாம்மா" என்றது உடும்பு.

பிறகுதான் அது பெரிய காரியம் ஒன்று செய்தது. பாம்புச் சட்டையைப் படம் பிடித்துக் காட்டின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, 'இந்த எழுத்து யாருக்காவது புரிகிறதா? அவசரம்' என்று கேட்டது. குழுவில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.

ஒரு பூட்டின் சாவியைப் படம் பிடித்து ஊருக்கே காட்டினால் ஊர் என்ன செய்யும்? ஊர் உதவி செய்யும். குரங்கு கிளையில் இருந்தபடியே தன் செல்லில் அடித்துப் பார்த்தது. எருமை சேற்றில் படுத்தபடி அடித்துப் பார்த்தது. காட்டுப்பன்றி மூக்கால் அடித்தது. மயில், "எனக்கு மட்டும் திறக்குதான்னு பாக்கறேன்" என்று அடித்தது. யாருக்கும் திறக்கவில்லை. ஆனால் குழுவில் ஒரே ஊக்கம். 'அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்' என்று பூப்படத்தோடு கரடி போட்டது. அதற்கு அறுபது பேர் கும்பிட்டார்கள்.

ஒன்பது மணிக்குச் சிங்கராஜாவே வந்துவிட்டார். கூட்டம் விலகி வழிவிட்டது.

"தள்ளு. நான் பாக்கறேன்" என்றார்.

ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி நகத்தால் அடித்தார். சர்வர் ஒரு கணம் யோசித்தது. பிறகு திரையில் பெரிதாக, 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று வந்தது.

அந்த வாக்கியத்தை ராஜாவிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. சிங்கம் கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தது. பிறகு விசைப்பலகை மேல் பாதத்தால் ஓங்கி ஓர் அறை அறைந்தது. மூன்று விசைகள் தெறித்து மயில் மேல் விழுந்தன.

"மத்தியானத்துக்குள்ள தண்ணி வரணும். வரலைன்னா நீ குவாரிக்குக் கிளம்பலாம்" என்று உடும்பிடம் சொல்லிவிட்டு ராஜா தூங்கப் போய்விட்டார்.

உடும்புக்கு அழுகையே வந்துவிட்டது. சாரைப்பாம்புக்குப் போன் போட்டது. தொடர்பு எல்லைக்கு அப்பால். கடைசியில், குகைக் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போட்டது. முப்பது நிமிடம் குயில் பாட்டு ஓடிய பிறகு ஓர் ஆமை எடுத்தது.

"வணக்கம் சார். உங்களுக்கு எப்படி உதவலாம்?"

"சர்வர்ல லாகின் ஆகமாட்டேங்குதுங்க."

"கவலையே படாதீங்க சார். முதல்ல லாகின் பண்ணுங்க. உள்ள 'புகார்'னு ஒரு இடம் இருக்கும். அதுல எழுதிப் போடுங்க."

"லாகின் ஆகலைங்கறதுதாங்க புகாரே!"

"புரியுது சார். ரொம்பப் பேர் அப்படித்தான் சொல்றாங்க." ஆமை எதையோ மெதுவாகத் தட்டிப் பார்த்தது. "சார், உங்க காட்டுலருந்து இதுவரைக்கும் ஆயிரத்து நூத்தி நாப்பது தடவை தப்பா அடிச்சிருக்கீங்க. திருடன்னு நினைச்சு சர்வர் உங்க காட்டையே தடை பண்ணியிருக்கு. இப்ப சரியா அடிச்சாலும் திறக்காது."

"ஐயோ! என்னங்க பண்றது?"

"ஒண்ணும் பண்ணக்கூடாது சார். பதினஞ்சு நிமிஷம் உங்க காட்டுல யாருமே தொடக்கூடாது. ஒருத்தர் தொட்டாலும் மறுபடி முதல்லருந்து பதினஞ்சு நிமிஷம். வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

உடும்பு ஓடிப்போய்க் குழுவில், 'தயவுசெய்து யாரும் பதினைந்து நிமிடம் முயற்சி செய்யாதீர்கள்' என்று போட்டது. அதற்குக் குரங்கிடமிருந்து பதில் வந்தது: 'சரி. கடைசியாக ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு நிறுத்துகிறேன்.' முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் கடைசியாக ஒரே ஒரு தடவை பார்த்தார்கள். மணி பதினொன்றேகால்.

உடும்பு பாறையில் தலையை முட்டிக்கொண்டிருந்தபோது நரி வந்தது. நரிக்கும் தாகம்தான்.

"உடும்பாரே, செய்யாதேன்னு சொன்னா எவனாவது கேப்பானா? செய்யலாம், ஆனா மனு போட்டுட்டுச் செய்யணும்னு சொல்லும்."

"மனுவா? படிவத்துக்கு எங்க போறது?"

"போன வருஷம் நிழல் ஒதுக்கீட்டுக்கு அடிச்ச படிவம் என் குகையில கட்டுக்கட்டா கிடக்கு. தலைப்பை யாரும் படிக்க மாட்டாங்க."

பத்து நிமிடத்தில் ஆலமரத்தடியில் அறிவிப்பு தொங்கியது. 'பாஸ்வேர்டு முயற்சி செய்ய விரும்புவோர் உரிய படிவத்தை மூன்று பிரதிகளில் பூர்த்தி செய்து வரிசையில் வரவும். படிவம் இல்லாத முயற்சி செல்லாது.'

அவ்வளவுதான். அதுவரை சும்மா கிடந்த விலங்குகள்கூட அடித்துப் பிடித்துக்கொண்டு வரிசைக்கு ஓடின. படிவம் கிடைக்காமல் போய்விடுமோ என்று எருமைக்குப் பயம். படிவத்தில் பாட்டனார் வசித்த பொந்தின் முகவரி கேட்டிருந்தது. வாலின் நீளம் கேட்டிருந்தது. கொம்புள்ள அதிகாரிகள் இருவரின் சான்றொப்பம் கேட்டிருந்தது. குரங்கு செல்லைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு இரண்டு கையாலும் எழுதியது. மான்களைச் சுற்றிச் சான்றொப்பத்துக்குத் தனி வரிசை நின்றது. தாகத்தைக்கூட மறந்து, "எனக்கு முன்னாடி இந்த முயல்தான் நின்னுச்சு, நீ எங்கருந்து வந்தே?" என்று சண்டை போட்டார்கள். சர்வரை ஒருவரும் தொடவில்லை.

இனித் தொடக்கூடியது ஒரே ஒரு பிராணி. அது உடும்பு.

பதினைந்து நிமிடம் கையைச் சும்மா வைத்திருப்பது உடும்புக்கு எவ்வளவு கஷ்டம் என்று உடும்பாகப் பிறந்தால்தான் தெரியும். விரல்கள் தாமாக விசைப்பலகைப் பக்கம் ஊர்ந்தன. வேறு வழியில்லாமல் பக்கத்துப் புளியமரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டது. கை மரத்தில் இருந்ததால், கண்ணுக்கு அன்று காலையிலிருந்து முதல் தடவையாக ஓய்வு கிடைத்தது. எதிரே கிளையில் பாம்புச் சட்டை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

பாம்பு சட்டையை எப்படிக் கழற்றும்? அவசரக்காரன் பனியனைக் கழற்றுகிற மாதிரி, உள்ளது வெளியாக உருட்டிக் கழற்றும். மேலே எழுதியது உள்ளே போய்விட்டது. இத்தனை நேரமும் காடு முழுக்கச் சட்டையின் உட்புறத்திலிருந்து, இடவலம் மாறிய எழுத்தைப் படித்து அடித்திருக்கிறது. கோணல் பாம்பின் கையெழுத்தில் இல்லை. பார்த்த பக்கத்தில் இருந்தது.

உடும்பு மரத்தை விட்டது. சட்டையைப் புரட்டியது. எழுத்து அச்சடித்த மாதிரி அழகாக இருந்தது. பதினாறாவது நிமிடத்தில், ஒரே ஒரு தடவை, நிதானமாக அடித்தது.

'வருக' என்றது சர்வர்.

மதகு கிறீச்சிட்டுத் திறந்து தண்ணீர் குதித்து இறங்கியபோது மணி பதினொன்று ஐம்பது. படிவங்களை அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் குட்டைக்கு ஓடினார்கள். மான்குட்டிகள் முட்டிபோட்டுக் குடிப்பதை உடும்பு பாறை மேல் ஏறி நின்று பார்த்தது. அதன் ஐந்து மாத உத்தியோகத்தில் அது உண்மையாகவே வேலை செய்த நாள் அதுதான். அதற்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது.

அந்த மரியாதை அரை மணி நேரம் நீடித்தது. ராஜா கூப்பிட்டு அனுப்பினார்.

சிங்கம் தூங்கி எழுந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் நரி நின்றது. முன்னால் சர்வரின் பதிவேடு திறந்திருந்தது. தோற்றுப்போன முயற்சிகள் வரிசையாக ஆயிரத்துச் சொச்சம். கடைசியில் ஒன்றே ஒன்று வெற்றி.

"இந்தக் கடைசி ஆள் யாரு?" என்றது சிங்கம்.

"நான்தாங்க மகாராஜா." உடும்பு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது.

"அப்படியா? எருமைக்குத் திறக்கலை. கரடிக்குத் திறக்கலை. எனக்கே அனுமதி இல்லைன்னு சொல்லிச்சு. உனக்கு மட்டும் வருகன்னு சொல்லியிருக்கு." சிங்கம் எழுந்து உடும்பைச் சுற்றி ஒரு வட்டம் நடந்தது. "ராஜாவை வெளிய நிறுத்திட்டு உன்னை உள்ள விடுதுன்னா, உனக்கும் அதுக்கும் நடுவுல என்ன ஏற்பாடு?"

உடும்புக்குப் பாம்புச் சட்டையின் உண்மை நுனிநாக்கில் இருந்தது. 'நீங்கள் அடித்தது இடவலம் மாறிய எழுத்து மகாராஜா' என்று சொன்னால் போதும், கணக்காக நிரூபித்துவிடலாம். சிங்கத்தின் நகம் தரையைக் கீறிக்கொண்டிருந்தது. நரி லேசாக இருமியது. உடும்பு அன்றைக்கு இரண்டாவது தடவையாகப் பிடியை விட்டது.

"ஏற்பாடா? அய்யய்யோ மகாராஜா! நீங்க ஒரு அறை விட்டீங்களே, அப்பவே பூட்டு உள்ளுக்குள்ள விட்டுப்போச்சுங்க. இரும்புக் கதவு இல்லீங்களா, அதிர்ச்சி போய்ச் சேர மூணு மணி நேரம் ஆச்சு. நான் சும்மா பக்கத்துல நின்னேன். வருகன்னு அது உங்களைத்தாங்க சொல்லிச்சு. நீங்க தூக்கத்துல இருந்தீங்க."

சிங்கம் தன் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்றது.

அன்று மாலையே உடும்பின் வேலை நிரந்தரமானது. கூடவே ஓர் அரசாணையும் வந்தது: இனி நாள்தோறும் ராஜா தம் திருப்பாதத்தால் விசைப்பலகையை ஒருமுறை அறைந்த பிறகே மதகு திறக்கப்படும். ராஜா எழுந்திருப்பது பத்து மணிக்கு. உடும்பு ஆறு மணிக்கே சரியான பாஸ்வேர்டை அடித்து உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. நாலு மணி நேரம் காத்திருக்கிறது. மான்குட்டிகள் சேற்றை நக்கிக்கொண்டு நிற்கின்றன. அதைப் பார்க்க நேராமல் இருக்க உடும்பு தன் புதுப் பொந்தின் வாசலை வேறு பக்கம் மாற்றி வைத்துக்கொண்டது.

நீதி: சரியான பாஸ்வேர்டு மதகைத்தான் திறக்கும். வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால், அது யார் அறைந்ததில் திறந்தது என்று சொல்லத் தெரிய வேண்டும்.