தாண்ட முடியாத மூன்றாவது குழி

ஒரு காரியம் நடக்கவில்லை என்றால், கோளாறு நம்மிடமா, காரியத்திலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு இன்றுவரை தெரியவில்லை. குக்கர் விசில் அடிக்காவிட்டால்கூட, நான்தான் அதை ஏதோ செய்துவிட்டேன் என்று தோன்றும்.

மகளுக்கு இரண்டு வயதானபோது வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடி அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. சின்ன வயதில் டிவியில் செருகி ஆடுவோமே, ஒரு குட்டி வீரன் ஓடி ஓடிக் குழிகளைத் தாண்டும் கேம், அது பிறகு கம்ப்யூட்டருக்கும் வந்தது. அதைப் பட்டன் செல்போன்களுக்குக் கொண்டுவரும் வேலையை எங்கள் முதலாளி எடுத்திருந்தார். ஒவ்வொரு போனுக்கும் திரை ஒரு அளவு, பட்டன் ஒரு இடம். அதனால் ஒவ்வொன்றுக்கும் தனியாக மாற்றி எழுதுவார்கள். நான் கடைசிவரை ஆடிப் பார்த்து, தாளில் 'சரி' அல்லது 'கோளாறு' என்று குறிக்க வேண்டும். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார்கள்.

முதல் மூன்று போன்களில் வீரன் பறந்தான். நான்காவது போனுக்குத் தீப்பெட்டி அளவு திரை. அதில் மூன்றாவது குழியில் விழுந்தான். மறுபடியும் விழுந்தான். பிரசவத்துக்குப் பிறகு என் கட்டைவிரல் பருத்துவிட்டதுதான் காரணம் என்று முடிவு செய்தேன். நகம் வெட்டினேன். போனை வீட்டுக்கு எடுத்து வந்து, எர்ணாவூர் பஸ்ஸிலும், சோறு கொதிக்கும்போதும், குழந்தைக்குத் தலைவாரும்போதும் ஆடினேன். (குழந்தைக்கு இரண்டு வகிடு வந்தது.)

காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு வந்த என் நாத்தனார் கஸ்தூரி அக்கா, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கி நாலு முறை ஆடிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இன்னாமே இது? குயி பெருசா கீது, இவன் எகிர்றது சிறுசா கீது. எத்தினி தபா எகிறினாலும் உள்ளதான் வுயுவான். வெட்னவனப் போய்க் கேளு."

மீன்காரிக்குக் கம்ப்யூட்டர் என்ன தெரியும் என்று நினைத்தேன். (டிப்ளமோ படித்தவள் அல்லவா நான்.) எனக்கு ஆடத் தெரியவில்லை என்று அலுவலகத்தில் தெரிந்தால் வேலை போய்விடும். மறுநாள் தாளில் 'சரி' என்று எழுதினேன்.

முதலாளிக்கு இந்த கேம் வேலையைக் கொடுத்த கம்பெனியிலிருந்து இருவர் அடுத்த வாரம் பார்க்க வந்தார்கள். இருந்த போன்களில் அவர்கள் எடுத்தது அந்தத் தீப்பெட்டித் திரை போனைத்தான். வீரன் விழுந்தான். முதலாளி ஆடினார், விழுந்தான். தாளைப் புரட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"நீங்கதானே சரின்னு போட்டீங்க? கொஞ்சம் தாண்டிக் காட்டுங்க."

ஐந்து முறை தாவினேன். ஒவ்வொரு முறை விழும்போதும் அந்த போன் ஒரு சோக மெட்டு வாசித்தது. ஆறாவது முறைக்குக் கை வரவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"சார், குழி பெரிசு. இவன் தாவுறது சின்னது. எத்தனை தடவை தாவினாலும் உள்ளதான் விழுவான்."

(நாத்தனார் பேச்சுக்கு இஸ்திரி மட்டும் போட்டிருந்தேன்.)

அந்த போனுக்கு கேமை மாற்றி எழுதிய தம்பி ஓடிப்போய்ப் பார்த்தார். சின்னத் திரைக்காக ஆளைச் சுருக்கியிருக்கிறார், தாவலையும் சுருக்கியிருக்கிறார், அந்த ஒரு குழியை மட்டும் மறந்துவிட்டார். முதலாளி முகம் மலர்ந்தது. இப்படிக் கூர்மையாகப் பார்க்கிறவள் ஏன் 'சரி' என்று போட்டுவிட்டு இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை என்று செல்லமாகக் கடிந்துகொண்டு, அந்த மாதமே என்னை நிரந்தரம் ஆக்கினார்.

வீட்டில் ஐந்து முறை விழுந்ததை மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகு பேசியதைச் சொல்லவில்லை. அதனால் காதுகுத்து, வளைகாப்பு எதுவானாலும் கஸ்தூரி அக்கா இந்தக் கதையை எடுத்துவிடுவார். "அஞ்சு தபா குயில வுயுந்துகீறா. மொதலாளி பாவம்னு வுட்டு வச்சிக்கீறான்." பந்தியே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

நான் வேலைக்குப் போன வருடங்களில் என் மகளுக்கு மத்தியானச் சோறு ஊட்டியவர் அவர்தான். உண்மையைச் சொல்வதுதான் நியாயம். ஆனால் சொன்ன மறுநிமிடத்திலிருந்து என் குழம்பு, என் புடவை, மகள் படிக்கப்போகும் படிப்பு எல்லாவற்றுக்கும் அவர் தீர்ப்பே கடைசித் தீர்ப்பாகிவிடும். நாத்தனாரோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்: சொல்லிவிடட்டுமா?