கைராசிக் கம்ப்யூட்டர்

பயந்த சுபாவம் உள்ளவர்கள் வியாபாரத்துக்கு வரலாம், தப்பில்லை. பொய் மட்டும் சொல்லக் கூடாது. நான் வியாபாரத்துக்கும் வந்து, பொய்யும் சொன்னவன்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில், திருப்பூர் கம்பெனிகள் கழித்துப்போடும் கம்ப்யூட்டர்களை வாங்கி, உள்ளே அடைந்த பஞ்சை ஊதித் தள்ளி, கெட்ட பாகத்தை மாற்றி விற்றுக்கொண்டிருந்தேன். பில் அடிக்க ஒன்று இருந்தால் போதும் என்பவர்கள்தான் வாடிக்கையாளர்கள். (மொத்தமே மூன்று பேர். அதில் ஒருவர் என் சித்தப்பா.)

நான்காவது ஆள், பக்கத்தில் நெருப்பெரிச்சல் என்ற ஊர்க்காரரான கனகாக்கா. பத்து வருஷம் டெய்லராக இருந்துவிட்டு, நகையை அடகு வைத்து, ஆறு மெஷினோடு சொந்த யூனிட் தொடங்குகிறவர். அவர் கேட்டது ஒரே கேள்வி.

“இது யாரு கையில இருந்த பொட்டி கண்ணு?”

நொடித்து மூடிய ஒரு கம்பெனியில் வாங்கியது அது. சொன்னால் கைராசி இல்லை என்று அக்கா எழுந்து போய்விடுவார். அதனால், அந்தப் பக்கத்தில் எக்ஸ்போர்ட்டில் கொடிகட்டிப் பறந்த சின்னச்சாமி அண்ணன் ஆபீஸில் இருந்தது என்று அள்ளிவிட்டேன். அக்கா முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் என் சாமர்த்தியத்தை நினைத்து ஒரே பெருமை.

திறப்பு விழாவன்று போனால், முந்தின நாளே இறக்கிவைத்த கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், முழம் முழமாக மல்லிகை.

“சின்னச்சாமி அண்ணனையே வந்து சுவிச்சப் போட்டுக் குடுக்கச் சொல்லிட்டேன் கண்ணு. அவரு பொட்டிதான்னு இன்னும் சொல்லல. நேர்ல பாத்து சந்தோசப்படட்டும்.”

அப்போதுதான் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. சோம்பல்பட்டு, பழைய ஃபைல்களை மட்டும் அழித்திருந்தேன். கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையை நிறைத்துக்கொண்டு வரும் மூடிப்போன கம்பெனியின் பெயர் அப்படியே இருந்தது! ஒரு நிமிஷம் சரிபார்க்கட்டுமா என்று கேட்டேன். நல்ல நேரத்துக்கு முன்னால் யாரும் தொடக் கூடாது என்றுவிட்டார் அக்கா. ஓடிப்போய் பல்லடம் பஸ் ஏறிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அண்ணன் வந்தார். அக்கா விஷயத்தைப் போட்டு உடைத்தார். அவர் பெட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “அப்படீங்களா” என்று மட்டும் சொல்லிவிட்டு பட்டனை அமுக்கினார்.

அந்தக் கம்ப்யூட்டர் கண்விழிக்க இரண்டு நிமிஷம் எடுக்கும். நான் வேண்டாத சாமியில்லை. திரையில் பெயர் பாதி தெரிந்ததுதான் தாமதம், மேஜைக்குப் பின்னால் செருகியிருந்த பிளக்கைக் காலால் எத்திக் கழற்றிவிட்டேன்.

“கரண்ட் போயிருச்சுங்க” என்றேன்.

தலைக்கு மேலே மின்விசிறி ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது.

அண்ணன் நிதானமாக மேலே பார்த்தார். செத்தேன் என்று நினைத்தேன்.

“ஆமாங்க, போயிருச்சு” என்றார் அவர்.

அவரே சொன்னபிறகு யார் மறுப்பது? இருபது பேரும் காற்று வாங்கிக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். (ஒரு பெரியவர், எப்போது வரும் என்று என்னிடம் விசாரிக்கவும் செய்தார்.)

கிளம்பும்போது அண்ணன் என் காதருகில் குனிந்தார். “பொய் சொல்றதுக்கு முன்னால ஒருக்கா மேல பாத்துக்கோணும் கண்ணு.”

அன்று சாயங்காலமே அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஊரெல்லாம் சொல்லி என் பிழைப்பைக் கெடுக்கப்போகிறார் என்று நடுங்கிக்கொண்டு நின்றேன்.

“திரையில பாதிப் பேரு வந்தத நானுந்தான் படிச்சேன்” என்றார் அக்கா. “பொட்டி யாரூட்டுதா இருந்தா என்ன கண்ணு? போட்டுக் குடுத்த கை அவரு கைதான?”

பிறகு ஊரெல்லாம் சொல்லத்தான் செய்தார். என் கல்யாணப் பந்தியிலும் சொன்னார். அன்றிலிருந்து நான் வீட்டில் எதற்காவது காரணம் சொல்ல வாயெடுத்தால், மனைவி மின்விசிறியை அண்ணாந்து பார்ப்பாள். இப்போது மகளும் பார்க்கிறாள். போன வாரம் நான் தனியாக இருந்தபோது நிஜமாகவே கரண்ட் போய், அரைமணி கழித்து வந்தது. தண்ணீர் மோட்டார் ஏன் போடவில்லை என்று மனைவி கேட்டாள். மறந்துவிட்டேன் என்று சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டேன்.