மேசனைக் கூப்பிடாத அம்பிகைபாகன்

தை மழை ஓய்ந்து மாசி வெயில் முதுகில் உறைக்கத் தொடங்கியதும், கண்டியைச் சுற்றியுள்ள மேடுபள்ளங்களிலெல்லாம் ஓர் இனம் வளவுக்குள் இறங்கும். குரங்கைச் சொல்லவில்லை. குரங்கு வருடம் முழுவதும் வரும், வந்த வேலையை முடித்துக்கொண்டு போய்விடும். இந்த இனமோ பழைய காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு, கூரைத் தண்ணீர் வடியும் பீலி முதல் வாசல் படலை வரை அத்தனையையும் தன் கையாலேயே திருத்தி முடிப்பது என்ற வைராக்கியத்தோடு இறங்கும். திருத்தும். முடிக்காது. நேரில் பார்த்துச் சந்தேகம் வந்தால், கூலிக்கு ஆளைக் கூப்பிடச் சொன்னதும் அது போடும் சத்தத்தை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம்: "உதுக்கும் ஒரு ஆளோ?"

குண்டசாலை அம்பிகைபாகன் இந்த இனத்தில் நல்ல வளர்த்தி. ஊர் யாழ்ப்பாணம். அரசாங்கக் கணக்காய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் விட்ட பிழைகளை எழுதியே சம்பளம் வாங்கிய மனிதர், தாமே பிழை விடும் சுதந்திரம் ஓய்வுக்குப் பிறகுதான் கிடைத்தது என்பதால் அதை வீணாக்காமல் அனுபவித்து வருகிறார். அவருடைய மனைவி பத்மாதேவி, படிப்பித்த காலத்தில் ஒரு வகுப்பையே கண்ணால் அடக்கியவர், இப்போது வாசலில் நின்று விருந்தாளிகளுக்கு வழி சொல்கிறார்.

"கேற்றைக் கொஞ்சம் தூக்கிப்போட்டு, கீழாலை ஒரு உதை குடுங்கோ... ஓம், திறக்கும். ஐயோ, உதிலை நில்லாதேங்கோ, பீலித் தண்ணி தலையிலை ஊத்தும்!"

கேற்றும் பீலியும் சென்ற மாசியில் திருத்தப்பட்டவை. தேசி மரமும் திருத்தப்பட்டதுதான். கொப்பு வெட்டினால் நன்றாகக் காய்க்கும் என்று வெட்டத் தொடங்கி, ஒரு பக்கம் கூடிப்போயிற்று என்று மற்றப் பக்கம் வெட்டி, கடைசியில் அது கால்மேல் கால் போட்டு உட்கார வசதியான கட்டையாயிற்று.

வேலை நாளில் அவர் சடங்கு என்ன தெரியுமா? முதலில் தேத்தண்ணீர். அடுத்தது கைபேசியில் எந்த நாட்டானோ சுத்தியல் பிடிக்கும் காட்சி. பிறகு சாக்கை விரித்து ஆயுதங்களை வரிசையாக அடுக்குவார், அடுக்கியதைத் தள்ளி நின்று பார்ப்பார், பார்த்த களைப்புக்கு இன்னொரு தேத்தண்ணீர். வேலை மட்டுமே அவருடையது. எடுத்துக் கொடுப்பதும், பிடித்துக்கொள்வதும், கழுவி வைப்பதும், நன்றாயிருக்கிறது என்று சொல்வதும் பத்மாதேவியின் பங்கு.

இந்த மாசியில் அவர் கண் தடுப்புச் சுவரில் விழுந்தது.

அவர்களுடைய வளவு மேட்டில் இருக்கிறது. மண் சரியாமல் அதைத் தாங்குவது ஒரு கருங்கல் சுவர். சுவருக்கு நேர் கீழே, கீழ்வீட்டு ஞானேஸ்வரியின் தகரக் கொட்டில். கடைகளுக்குக் கொடுக்கும் இடியப்பத்தை அவர் அங்கேதான் அவிக்கிறார். சுவரின் அடியில் அதைக் கட்டிய மேசன் விட்டிருந்த குழாய்த் துளைகளிலிருந்து, மழை ஓய்ந்து கன நாளாகியும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மலைநாட்டில் பிறந்தவன் இதைத் திரும்பியும் பார்க்கமாட்டான். கிணற்றில் அள்ளிய தண்ணீரை வாழைக்கு இவ்வளவு, மிளகாய்க்கு இவ்வளவு என்று பாத்தி கட்டி விட்ட மண்ணில் பிறந்தவருக்குப் பொறுக்குமா? அம்பிகைபாகன் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இஞ்சை ரோசா வாடுது, அங்கை தண்ணி சும்மா ஓடுது. அடைச்சுவிட்டால் அவ்வளவும் மண்ணுக்கை நிக்குமெல்லே?"

"காரணமில்லாமலே மேசன் ஓட்டை விட்டவன்? ஒருக்கால் அவனைக் கூப்பிட்டுக் கேளுங்கோவன்."

"அவனிட்டைப் பைப் துண்டு மிஞ்சியிருக்கும். எறிய மனமில்லாமல் செருகிப்போட்டுப் போயிட்டான். உதுக்கும் ஒரு ஆளோ?"

அடைத்தார். சாக்குத் துணியைத் திணித்து, மேலே சீமெந்தைக் குழைத்து அப்பி, சாந்தகப்பையால் தேய்த்து, காய்ந்ததும் சுவர் நிறத்திலேயே வர்ணமும் அடித்தார். சும்மா சொல்லக்கூடாது, அவர் கைபட்டதில் ஒழுகாத வேலை இது ஒன்றுதான். ரோசாவும் பூத்தது. பத்மாதேவியை நாளுக்கொரு தடவை கூட்டிப்போய் அந்தப் பூவைக் காட்டினார்.

பங்குனி பிறந்து பின்னேர மழை தொடங்கியது. ஒரு நாள் ஞானேஸ்வரி படியேறி வந்தார்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. ஒங்க சொவரு எங்க பக்கம் தள்ளிக்கிட்டு வர்ற மாதிரி இருக்குங்க. அதுக்குக் கீழதான் நான் அடுப்பு வச்சிருக்கேன்."

பத்மாதேவி பதறிப்போனார். அம்பிகைபாகன் பதறவில்லை. மட்டப்பலகையோடு இறங்கிப்போய், சுவரில் வைத்துப் பார்த்து, திருப்பி வைத்துப் பார்த்து, தீர்ப்புச் சொன்னார்.

"சுவர் நேராய்த்தான் நிக்குது. உங்கடை நிலந்தான் சரிவு."

இப்படிச் சொன்ன மனிதரை என்ன செய்யலாம்? சொல்லுங்கள். பத்மாதேவி ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாமல் இருந்ததற்காகப் பிறகு தன்னையே வைதுகொண்டார்.

இரண்டொரு நாளில், பின்னேரம் இடி இடித்து வானம் பிளந்துகொண்டு ஊற்றியது. குடையோடு வளவுக்கு ஓடிய பத்மாதேவி, ரோசாப் பாத்திக்கும் சுவருக்கும் நடுவில் மண் கை நுழையுமளவுக்குப் பிளந்திருப்பதைக் கண்டார். கீழே தகரக் கூரையின் மேலால் ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. ஞானேஸ்வரி அடுப்படியில் இருந்தார்.

"ஞானேஸ்வரி! அடுப்பை விட்டிட்டு வெளியிலை ஓடி வாங்கோ!"

ஞானேஸ்வரி இடியப்பத் தட்டுகளை அணைத்தபடி மழைக்குள் ஓடினார். சுவரைத் தள்ளும் தண்ணீருக்கு வழிவிட, அடைத்த துளைகளைத் திறக்கச் சொல்லிக் கத்தியபடி பத்மாதேவி வீட்டுக்குள் வந்ததும், அம்பிகைபாகன் ஆயுதப் பெட்டியைக் கவிழ்த்துவைத்துத் தேடத் தொடங்கினார்.

"பொறும், பொறும். உதுக்கு ஒரு முறை இருக்கு. துளைக்கிற மெசினுக்குச் சரியான அலகு—"

"கொட்டுற மழைக்குள்ளை கரண்டு மெசினோ? விசரே உங்களுக்கு!"

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் பத்மாதேவி அந்தச் சொல்லை அவரைப் பார்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்ல நன்றாகவே இருந்தது. குடையை எறிந்துவிட்டு, மூலையில் நின்ற கூர் இரும்பு அலவாங்கைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். பயந்தார். ஆனாலும் வர்ணம் பூசிய சீமெந்தில் ஓங்கிக் குத்தினார். அசையவில்லை. திரும்பவும் குத்தினார். சாக்குத் துணி பிய்ந்து வெளியே பாய, அதன் பின்னால் சிவந்த சேற்றுத் தண்ணீர் அவர் நெஞ்சில் அடித்தது. அடுத்த துளை, அதற்கடுத்தது என்று எல்லாவற்றையும் திறந்துவிட்ட பிறகே ஒதுங்கினார். சுவர் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது. விழவில்லை.

மழை விட்டதும் அக்கம்பக்கத்தார் கூடினார்கள். அம்பிகைபாகன் குடையோடு இறங்கி வந்தார். உடைந்த சீமெந்துத் துண்டொன்றை எடுத்துத் தட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் வெட்கம் வரும் என்று எதிர்பார்க்கிறீர்களா?

"பாத்தியளோ என்ரை பூச்சை? அலவாங்குக்கே லேசிலை விடேல்லை."

பத்மாதேவி சேற்றுக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, அங்கேயே நின்று மேசனுக்கு அழைத்தார். "நாளைக்குக் காலமை வாங்கோ. இல்லை, ஐயாவிட்டை ஒண்டும் கேக்கத் தேவையில்லை."

மேசன் வந்தார். அம்பிகைபாகன் கதிரை போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, சாந்து குழைக்கும் விதத்தை அவருக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் பத்மாதேவி இடித்த இடத்தை வாசித்தபோது, "கொஞ்சம் சரித்துக் குத்தியிருந்தால் சுலபமாக விட்டிருக்கும்" என்று உங்கள் மனத்தில் ஓர் எண்ணம் ஓடியதா? ஓடியிருந்தால், மெல்ல நிமிர்ந்து வீட்டுக்காரியின் முகத்தைப் பாருங்கள். உங்கள் வீட்டு அலவாங்கு எந்த மூலையில் இருக்கிறது என்பது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.