பத்தாம் நம்பர் பூட்ஸ்

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. ஒப்புக்கொள்கிறேன். கல்யாணமான இருபத்திரண்டாம் நாள் நித்யா டொரான்டோவுக்கு, தன் பல் மருத்துவமனை வேலைக்குத் திரும்பிப் போனாள். விசா வரும்வரை நான் அபிராமபுரத்தில், அப்பா அம்மாவோடு. அவளைத் தினமும் நேரில் பார்க்கக் கொடுத்துவைத்த எல்லோர் மீதும் எனக்கு வயிற்றெரிச்சல். அவள் போகும் பஸ்ஸின் டிரைவர், அவள் எதிரில் வாயைப் பிளந்து படுத்திருக்கும் நோயாளிகள், ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. (அங்கே போய் ஒரு சொத்தைப் பல் பிடுங்கிக்கொள்ள மாட்டோமா என்றுகூட ஏங்கியிருக்கிறேன்.)

ஒரு காலை, இட்லித் தட்டும் கையுமாக வீடியோ காலில் இருந்தேன். அங்கே அவள் வேலை முடிந்து அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்தாள். கதவைப் பூட்டத் திரும்பியபோது வாசல் ஒரு நொடி தெரிந்தது. அவளுடைய சின்ன ஷூக்களுக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி ஆண்கள் பூட்ஸ். ஒவ்வொன்றும் படகு மாதிரி. நித்யா தனியாகக் குடியிருப்பவள். நான் போடுவது ஏழாம் நம்பர்.

நேராகக் கேட்டிருக்கலாம். அந்தத் துணிச்சல் இருந்தால் நான் ஏன் பொறாமைப்படப் போகிறேன்? ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, "அங்க ரொம்பக் குளிரா?" என்று கேட்டுவிட்டு, அடையாறில் இருக்கும் ஆபீசுக்குப் போனேன். பக்கத்து சீட் செல்வம் பட்டினப்பாக்கத்துக்காரன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"பத்தாம் நம்பர் மச்சி. ஆளு ஆறடிக்கு மேல கீறான்."

"சும்மா இருடா."

"நான் இன்னா பண்றது? ஷூ அப்டி கீது."

சாப்பாட்டு நேரத்துக்குள் நித்யாவுக்கு நாற்பத்து மூன்று மெசேஜ் அனுப்பினேன். "அந்தக் காலுக்குச் சொந்தக்காரன் யார்?" என்று தொடங்கி, "அவன் உயரத்துக்கு நான் ஈடில்லைதான்" என்று அழுது, "நல்லா இரு" என்று ஆசீர்வாதத்தில் முடித்திருந்தேன். எல்லாவற்றையும் படித்தாள். பதில் போடவில்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை.

அதே வாரம் விசா அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நாங்கள் உண்மையான கணவன் மனைவிதானா என்பதற்கு இன்னும் சான்று வேண்டும், இல்லாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாகலாம். இந்த வேலையை என் மாமனார் கையில் எடுத்துக்கொண்டார். நங்கநல்லூரில் இருக்கும் அவர் ஓய்வு பெற்ற ஆடிட்டர். காகிதத்தில் அடித்து, நம்பர் போட்டு, ஃபைலில் கோத்தால்தான் ஒரு விஷயம் நடந்ததாகவே ஒப்புக்கொள்வார்.

"நீங்க ரெண்டு பேரும் பேசின சாட் முழுக்க அனுப்பிடுங்க மாப்பிள்ளை" என்றார்.

மாமனார் படிப்பாரே! அவருக்கு அனுப்பும் நகலில் இருந்த செல்லம், கண்ணு, முத்தம் எல்லாவற்றையும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தேன். பூட்ஸ் நாள் வந்ததும் நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் கொஞ்சல் எதுவும் இல்லை என்பதுதான் எனக்குத் தெரியுமே, எதற்குப் பார்க்க வேண்டும்? அப்படியே அனுப்பினேன். (இந்த மூளைக்கு மாதாமாதம் சம்பளம் வேறு வந்துகொண்டிருந்தது.)

ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். மேஜை மேல் தடிமனாக ஒரு ஃபைல்.

"பத்து மாசமா 'சாப்பிட்டியா', 'சாப்பிட்டேன்'. இதைத் தவிர ஒரு வார்த்தை இல்ல. கடைசில இருபது பக்கம் சண்டை. இதைப் பார்த்தா விசா குடுக்க மாட்டாங்க மாப்பிள்ளை, விவாகரத்துதான் குடுப்பாங்க."

நான் ஃபைலை என் பக்கம் இழுத்து மூடினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த பூட்ஸ் உங்களுக்குத்தான். பனிக்கு வேணும்னு வாங்கி வெச்சிருக்கா."

"எனக்கு ஏழு மாமா. அது பத்து."

"அளவு அனுப்பினதே நான்தான். பொங்கலுக்கு வந்தப்ப வாசல்ல செருப்பைக் கழட்டி விட்டீங்களே, அதை நியூஸ்பேப்பர்ல வெச்சு வரைஞ்சு அனுப்பினேன்."

அப்போதுதான் உறைத்தது. எங்கள் வீட்டில் வாசலில் எது கிடைக்கிறதோ அதில் காலை நுழைத்துக்கொண்டு கிளம்புவதுதான் வழக்கம். பொங்கலன்று நான் போட்டுப் போனது அப்பாவின் செருப்பு. அந்த வாரம் முழுக்க நான் பொறாமையில் வெந்தது என் அப்பாவின் காலை நினைத்து!

"அந்த இருபது பக்கத்தை எடுத்துடலாம் மாமா" என்றேன் ஈனஸ்வரத்தில்.

"இருக்கட்டும். பொய்க் கல்யாணம் பண்ணவன் இவ்ளோ கேவலமா சண்டை போட மாட்டான். நீங்க அழிச்சீங்களே, அதையெல்லாம் குடுங்க."

கொடுத்தேன். விசா வேண்டுமே. முத்தங்கள் வரிசையாக அச்சாகி வந்தன. மாமனார் பென்சிலால் நம்பர் போட்டார், நான் துளை போட்டுக் கோத்தேன். இரண்டு மணி நேரம் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

வெளியே வந்து நித்யாவைக் கூப்பிட்டேன். எடுத்தாள். மன்னிப்புக் கேட்டேன்.

"வேலை விட்டு வந்ததும் அதைப் பார்த்துட்டுதான் உள்ள போவேன்" என்றாள். "நீங்க வீட்டுல இருக்கிற மாதிரி இருக்கும். அதைப் போய்…"

எனக்கு அழுகை வந்தது. அடுத்த நொடியே, தினமும் அவளை வாசலில் நின்று வரவேற்ற அந்த பூட்ஸ் மீதும் பொறாமை வந்தது. நான் என்ன செய்ய?

விசா வந்தது. இப்போது நித்யாவோடு டொரான்டோவில் இருக்கிறேன். லீவில் சென்னை வரும்போதெல்லாம் சொந்தக்காரர்கள் யாராவது, "வெளிநாட்டுல போய் நல்லாக் காலூன்றிட்டான் உங்க பையன்" என்று அப்பாவிடம் சொல்வார்கள். அதற்கென்றே காத்திருந்தவர் போல அப்பா நிமிர்ந்து உட்காருவார்.

"அவன் அப்புறமாத்தான் போனான். கனடால முதல்ல கால் வெச்சது நான்."