அருவிக்குப் போகும் வழியில் ஒரு மரணம்

நோயாளியைத் தொடாமல், மருந்தின் பெயர் தெரியாமல், ஒரு சொட்டு ரத்தத்தைக்கூடக் கிட்டத்தில் பார்க்காமல் மருத்துவ மேதையாகும் வழியை மனித குலம் கண்டுபிடித்துவிட்டது. அதற்கு 'நிழல் பயிற்சி' என்று பெயர். வெளிநாட்டு மருத்துவர் முன்னால் நடப்பார். மாணவர் பின்னால் நடப்பார். மருத்துவர் நின்றால் மாணவரும் நிற்பார். மருத்துவர் கைகழுவப் போனால் மாணவர் செல்ஃபி எடுப்பார். கற்றதெல்லாம் உடம்பில் ஊறுவதற்காகச் சனி, ஞாயிறுகளில் அருவி, குகை, படகு.

இந்தத் தவத்துக்குக் குட்டி டாக்டரைத் தேர்ந்தெடுத்தவர் அவன் தாய்மாமா. சின்ன வயதில் தங்கையின் பொம்மைக்கு ஊசி போட்டதிலிருந்து வீட்டில் அவனுக்கு அதுதான் பெயர். பள்ளி இறுதி மதிப்பெண் வந்தபிறகு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது அப்பாவுக்கு மட்டும் லேசாக நாக்கு குழறியது. மாமா அசரவில்லை. பேர்பெற்ற தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்றில் மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதில்லை, நேர்முகத் தேர்வு வைத்து 'மனிதநேய'த்தையும் பார்க்கிறார்கள் என்று விசாரித்து வந்திருந்தார்.

"மார்க்கு நம்மகிட்ட இல்லக்கா. மனிதநேயத்துலதான் ஏத்தணும்," என்றார் அம்மாவிடம். "அதையும் வெளிநாட்டுல போய் ஏத்திக்கிட்டு வந்தா வெயிட்டு."

அம்மா அன்றே வெள்ளைக் கோட்டுக்கு அளவு கொடுத்தாள். வளர்கிற பிள்ளை என்று ஒரு சுற்றுப் பெரிதாக. இந்த இடமும் கிடைக்காவிட்டால் சொந்தக்காரர்களின் கல்யாணங்களுக்கு இனிப் போவதில்லை என்று முடிவுகட்டி வைத்திருந்தாள்.

போய் இறங்கிய மருத்துவமனையில் ஒழுங்கு அபாரம். 'நிழல்கள் நோயாளியையோ, அவருடைய பொருட்களையோ தொடலாகாது' என்பது முதல் விதி. குட்டி டாக்டர் அதை உயிராக மதித்தான். ஆனால் மனிதநேயத்துக்குச் சாட்சி வேண்டுமே? சாட்சி என்றால் படம். படம் என்றால் அதில் ஒரு கை இன்னொரு கையைப் பிடித்திருக்க வேண்டும். அந்த ஊர் நோயாளிகளோ படத்துக்கு நிற்கவும் மாட்டார்கள், படுக்கவும் மாட்டார்கள்.

பயிற்சி நடத்திய நிறுவனம் இதற்கும் வழி வைத்திருந்தது. மாணவர்களை ஊர்சுற்றக் கூட்டிப்போகும் வேன் டிரைவர், வெள்ளிக்கிழமை மதியமானால் வார்டின் கோடியில் இருந்த காலிக் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொள்வார். வெளுத்த தலை, இடது புருவத்தை இரண்டாக வெட்டிய தழும்பு. எத்தனையோ மாணவர்களை ஏற்றி இறக்கியதில் நம் பாஷையும் அவருக்கு அத்துப்படி.

"முகத்துல வலி எவ்வளவு வேணும் தம்பி?" என்று தொழில் சுத்தமாகக் கேட்டார்.

"கொஞ்சம் தூக்கலாவே இருக்கட்டும்ணே."

படம் எடுக்கும்போது பக்கத்துக் கட்டிலில் உண்மையாகவே நோயாளியாக இருந்த ஒரு கிழவர் கையை நீட்டி எதையோ காட்டினார். அந்தக் கை படத்துக்குள் வந்து விழுந்தது. குட்டி டாக்டர் நடுவிலிருந்த திரையை இழுத்துவிட்டான். திரை யாருடைய பொருளும் இல்லை என்பதால் விதி மீறப்படவில்லை.

ஐந்தாவது படத்தில் மனிதநேயம் சரியாக விழுந்தது. மரணத் தறுவாயிலிருந்தவர் எழுந்து, தலையணைக்கடியில் இருந்த சாவியை எடுத்துக்கொண்டு போய் வாசலில் ஹாரன் அடித்தார். அன்று மாலை அருவியில் அதிக நேரம் நீச்சலடித்தவரும் அவர்தான்.

ஊர் திரும்பியதும் அந்தப் படம் கூடத்தில் மாட்டப்பட்டது. அதற்கு ஒரு கதையும் தேவைப்பட்டது. மாமா வாசலில் நின்று செருப்பு மாட்டும் நேரத்தில் யோசித்துச் சொன்னார்: "ஆள் செத்துட்டதா சொல்லிரு மாப்ள. நல்லா இறங்கும்."

நேர்முகத் தேர்வு கல்லூரித் தலைவரின் அறையில் நடந்தது. அம்மா வெளியே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே தலைவரும் ஒரு பேராசிரியையும். குட்டி டாக்டர் அதே வெள்ளைக் கோட்டில் வந்து, படத்தை மேசைமீது வைத்து, கதையைச் சொல்லி, சொல்லவேண்டிய இடத்தில் குரலை உடைத்தான்.

பேராசிரியை மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தைக் கிட்டத்தில் பார்த்தார்.

"இவர் இறந்துட்டாரா?"

"என் கையப் பிடிச்சுக்கிட்டே போனாரு மேடம்."

"பாவம். போன வருஷமும் இப்படித்தான் போனாரு. அதுக்கு முந்தின வருஷம் ரெண்டு தடவை."

குட்டி டாக்டருக்கு வெள்ளைக் கோட்டின் அந்த ஒரு சுற்றுப் பெரிசு, அதுவரை இல்லாத அளவுக்கு, உடம்பில் தொளதொளவென்று தெரிந்தது. கதவுக்கு வெளியே அம்மா தொண்டையைக் கனைப்பது கேட்டது.

"சரி, இவரை விடு," என்றார் பேராசிரியை. "நெஜ நோயாளி யாராவது உங்கிட்ட ஏதாவது கேட்டாங்களா?"

இந்தக் கேள்விக்கு மாமா பொய் எதுவும் கொடுத்தனுப்பவில்லை.

"பக்கத்துக் கட்டில்ல ஒரு தாத்தா தண்ணி கேட்டாரு மேடம். கூஜாவக் காட்டி."

"குடுத்தியா?"

"வெள்ளிக்கிழமை மேடம். அருவிக்கு வண்டி நின்னுச்சு."

பேராசிரியை படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தலைவரைப் பார்த்தார். பிறகு தலைவருக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தார்.

தலைவர் நிதானமாகப் பேசினார். இளைஞர்கள் உணர்ச்சிவசப்பட்டு ஒரு சாவைக் கூட்டிச் சொல்லிவிடுவது இயல்பு என்றார். குகை, அருவி என்று நாலு இடம் பார்த்தவனுக்கே பார்வை விரியும் என்றார். "தண்ணி குடுக்கலைன்னு ஒத்துக்கிட்டான் பாருங்க. அந்த நேர்மை இருக்கே, அதுதான் மனிதநேயம். இடம் குடுத்துடலாம்."

குட்டி டாக்டர் எழுந்து கும்பிட்டான். நிமிரும்போது அந்தச் சுவர் அவன் கண்ணிலும் பட்டது. சட்டமிட்ட ஒரு படம். இப்போது அதே கல்லூரியில் இதயநோய்ப் பிரிவை நடத்துகிற தலைவரின் மகள், மாணவியாக, வெள்ளைக் கோட்டில், கட்டிலில் கிடந்த ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கட்டிலில் கிடந்தவருக்கு இடது புருவத்தில் தழும்பு இருந்தது. தலைமுடி மட்டும் அப்போது கறுப்பு.